கொள்ளைநோயும் கிராமத்து மருத்துவமாதும்

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர் பெயர்களையும் தேசாதிபதிகள் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். கண்டி இராச்சியம் வீழ்ந்தது 1815ஆம் ஆண்டில் என்பதை நம்மிற் சிறுவரும் மனப்பாடமாய்ச் சொல்வர். அம்மைப்பால் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது 1802ஆம் ஆண்டில் என்பதை அறிந்தவர் எத்தனைபேர்? முன்னையது ஓர் அரசனின் முடியைப் பறித்த ஆண்டு. பின்னையது எண்ணிறந்த தாய்மாரின் கண்ணீரைத் துடைக்கத் தொடங்கிய ஆண்டு. எது பெரிது என்று நாம் வாதிட வரவில்லை. பின்னையதற்கும் வரலாற்றேட்டில் ஒரு பக்கம் உண்டென்று காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அப்பக்கத்திலும் டாக்டர்மாரின் பெயர்களே பெரிதாய்ப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்தம் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால், கொள்ளைநோயை ஆஸ்பத்திரி வாயிலில் எதிர்த்து நிற்பது ஒன்று; அது புறப்படும் வீட்டுக் கோடிக்கே சென்று தடுப்பது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் சுகாதாரத் தாதியரும், மருத்துவமாதரும், சுகாதாரப் பரிசோதகர்களுமே. இவர்கள் எப்படி வந்தார்கள், எதற்காக வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்பதை ஆராய்வோம்.

முன்னாளில் வைசூரி கண்ட வீட்டின் படலையில் வேப்பிலை கட்டினார்கள். அம்மாள் வந்திருக்கிறாள் என்று அயலார் ஒதுங்கினர். வீட்டார் கோவிலுக்கும் சந்தைக்கும் போகாதிருந்தனர். இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்மைப் போன்றோருக்கு எளிது. நாம் அவ்வாறு தள்ள ஒருப்படவில்லை. தொற்று என்ற சொல்லை அறியாதிருந்தும் தொற்றைத் தடுக்கும் ஒழுங்கொன்றை எம் மூதாதையர் கைக்கொண்டிருந்தனர். நோயாளியைத் தனியறையில் வைத்தனர். அவரைப் பராமரிப்பவர் ஒருவர் இருவராகவே இருந்தனர். முழுக்கு வார்த்த பின்னரே புழக்கம் தொடங்கியது. ஆனால், இதன் மறுபக்கமும் உண்டு. அம்மாளின் வருகையை அரசாங்கத்துக்கு அறிவிப்பது அபசாரமெனக் கருதிப் பலர் நோயை மறைத்தனர். அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்தனர். குத்திக்கொண்டால் அம்மாள் கோபிப்பாள் என்ற அச்சமும் இருந்தது. வெள்ளைக்காரன் குத்துவது வேறெதற்கோ என்ற ஐயமும் இருந்தது. ஐயத்தை அகற்றுவதற்கு அன்று எவரும் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரவில்லை. குத்த வந்தவர் குத்திவிட்டுப் போனார், அவ்வளவே.

வாந்திபேதியோ வைசூரியினும் கொடியது. காலையில் தோட்டத்துக்குப் போனவன் மாலையிற் பிணமாவான். 19ஆம் நூற்றாண்டில் இந்நோய் யாழ்ப்பாணத்தைப் பலமுறை பாழாக்கியது. தென்னிந்தியாவிலிருந்து தோணிகளிலும், கோப்பித் தோட்டங்களுக்கு வடபாதையால் நடந்துவந்த தொழிலாளர் கூட்டங்களோடும் அது வந்தது. அந்தத் தொழிலாளரைக் குற்றம் சொல்லுதல் அக்கால அதிகாரிகளின் வழக்கம். பட்டினியோடு காட்டுவழியே நடத்தப்பட்டு, குடிக்க நல்ல நீரின்றிக் குளத்துச் சேற்றை அள்ளிக் குடித்தவன் நோயுற்றது அவன் குற்றமா? தோட்டத் துரைமாருக்குக் கூலி வேண்டும். ஆனால் வழியிற் கிணறு வெட்டும் செலவு வேண்டாம்.

அரசாங்கம் கண்ட வழி தடுப்புக்காவல் முகாம். கதிர்காம யாத்திரையும் வாந்திபேதிப் பயத்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1897ஆம் ஆண்டில் நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. அதன் கீழ்த்தான் இன்றும் பல நோய்களை அறிவிக்கவேண்டிய கடமை டாக்டர்மார்மேல் விதிக்கப்படுகிறது. பிளேக்கு என்னும் மகாமாரி 1914இற் கொழும்பை எட்டியது. மண்டபத்து முகாமிலே இலங்கைக்கு வரும் ஏழைத் தமிழனை நாட்கணக்கில் மறித்துவைத்து, மருந்து தெளித்து, குளிப்பாட்டி, முத்திரை குத்தி அனுப்பினார்கள். நோயைத் தடுத்ததோ, தடுத்ததுதான். மனிதரை மாடுகளைப்போல் நடத்தியதும் உண்மைதான்.

சட்டமும் முகாமும் நோயைக் கரையில் மறிக்கும். ஏற்கெனவே வீட்டுக்குள் புகுந்துவிட்டதை யார் விரட்டுவது?

இவ்விடத்திலே மானிப்பாய் கிறீன் வைத்தியரைக் கூறாது அப்பாற் செல்வது நன்றியின்மையாகும். அமெரிக்காவின் வூஸ்ரர் நகரத்தவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் தொடங்கினார். இடையிலே தாய்நாடு சென்று 1862இல் மீண்டும் வந்து 1873வரை இருந்தார். மிஷனரியாய் வந்தவர்தான், அவர் கொண்டுவந்த சமயத்தை ஏற்காதோர் பலரும் அவர் மருந்தை ஏற்றனர். ஏனெனில் அவர் தமிழிற் பேசினார், தமிழில் எழுதினார், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் என அவரும் அவர் மாணாக்கரும் பெயர்த்த நூல்களின் பெயர்களைக் கேட்டாலே அக்காலத் தமிழின் துணிவு புலப்படும். வாந்திபேதியின் கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து நிறுவியது 1884இல். அதற்குமுன்னரே மானிப்பாயிற் படித்தோர் கிராமங்களுக்குச் சென்று வாந்திபேதிக்காரரைப் பார்த்தனர். எதிரி இன்னதென்று அறியாமலே போரிட்டவர்கள் அவர்கள்.

ஆயினும் கிறீன் பயிற்றியோர் ஆண்கள். அக்காலப் பெண்கள் நோயோடு ஆண் வைத்தியர்முன் வர நாணினர். பிரசவ அறையிலோ ஆண் நுழைவதென்பது நினைக்கவும் இயலாதது. இதனை உணர்ந்துதான் 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லவுட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1896இல், கனடாவிலிருந்து மேரி ஏர்வின் என்னும் இளம் பெண் டாக்டர் இணுவில் மிஷன் பணிக்கு வந்தார். வந்தவர் தமிழர் ஒருவரை மணக்க, மிஷனார் அவரைப் பணியில் வைத்திருக்க விரும்பவில்லை! மேரி இரத்தினம் என்ற பெயரோடு கொழும்பிற் குடியேறிய அவர், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்துக் கிராமப் பெண்களைக் கூட்டிச் சுகாதாரம், உணவு, கைத்தொழில் முதலியவற்றைக் கற்பித்தார். 1958இல் மக்சாசே விருது அவரைத் தேடி வந்தது. அவரை விலக்கிய மிஷனாரின் பெயர்கள் இன்று எவருக்கும் நினைவில்லை.

கடல்கடந்த நாடுகளிலும் இதேகாலத்திற் புதிய சிந்தனையொன்று முளைத்தது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதிநாட்களிற் பணிசெய்த தாதி மேரி றொபின்சனையே 1859இல் ஏழைகளின் வீடுகளுக்குப் போகும் வேலைக்கு அமர்த்தினார். 1893இல் நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்பில் லிலியன் வால்ட் என்னும் தாதி தாமும் குடியேறி வீடுவீடாய்ப் பணிசெய்யத் தொடங்கினார். நோய் வந்தபின் கட்டிலருகே நிற்பவள் மட்டுமல்லள் தாதி, நோய் வராமற் காக்கும் ஆசிரியையும் அவளே என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இலங்கைக்கு அக்கருத்து வந்தவழி சற்று விசித்திரமானது. அதனைக் கொண்டுவந்தது ஒரு புழு.

கொளுக்கிப் புழுவை நம்மூரார் அறிவர். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்சென்று, குடலிலே பற்றிக்கொண்டு, இரத்தத்தை உறிஞ்சும். ஆளைக் கொல்லாது, ஆனால் வெளிறி, மூச்சு வாங்கி, வேலைக்கு உதவாதவராக்கும். தோட்டத் தொழிலாளரிடையே இது மலிந்திருந்தது. அமெரிக்க றொக்பெல்லர் தாபனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களிலே கொளுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. சில மாதங்களில் அதே மனிதரின் வயிற்றில் மீண்டும் புழு இருந்தது. ஏன்? மலசலகூடம் இல்லை. லயத்தின் பின்புறத்து மண் முழுவதும் புழுக்குஞ்சு. மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்டத் துரைமார் பலர் இணங்கவில்லை. மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதே என்று தாபனத்தார் கண்டனர். ஒரு நோயைத் தனியே துரத்திப் பயனில்லை. ஓரிடத்து மக்களின் வாழ்க்கை முழுவதையும் கவனிக்கவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தனர்.

அம்முடிவின் பலனாக 1926ஆம் ஆண்டு யூலையிலே களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று இதனைப் போற்றுவர். கொழும்புக்குத் தெற்கே, களுகங்கை கடலோடு கலக்குமிடத்திலுள்ள சிறு பட்டினம் அது. ஆங்கு அமைக்கப்பட்டது மாளிகையன்று, ஓர் ஒழுங்குமுறையே. குறித்த எல்லைக்குட்பட்ட ஊர்களுக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவர்கீழ் சுகாதாரப் பரிசோதகர்கள், சுகாதாரத் தாதியர், மருத்துவமாதர். ஆஸ்பத்திரி டாக்டரிடம் நோயாளி போவான். இவர்களோ நோயில்லாதவரைத் தேடிப் போகவேண்டும். நோயில்லாதவனிடம் போய் உனக்கு நோய் வரக்கூடும் என்று சொல்லி, அவன் சினவாமல் அவனைக் கொண்டே குழி வெட்டுவிப்பது எத்துணைக் கடினமென்பதை எண்ணிப் பாருங்கள்!

பரிசோதகர் கிணற்றையும் கடையையும் மலசலகூடத்தையும் பார்ப்பார். தொற்றுநோய் அறிவிக்கப்பட்டால் அவ்வீட்டுக்குச் சென்று யார் யார் கூட இருந்தார்கள், எங்கிருந்து நீர் எடுத்தார்கள் என்று விசாரித்து எழுதுவார். மருத்துவமாதின் வேலை இதனினும் நுட்பமானது. தமக்குரிய பகுதியிலே கருவுற்ற பெண்கள் யாவரையும் அறிந்து பதியவேண்டும். மாதந்தோறும் போய்ப் பார்க்கவேண்டும். காலில் வீக்கமுண்டா, முகம் வெளிறியிருக்கிறதா என்று நோக்கி, ஆபத்தென்று தோன்றினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மற்றோருக்குப் பிரசவம் பார்த்து, பின்னும் பல நாட்கள் தாயையும் சேயையும் வந்து கவனிக்கவேண்டும். பிள்ளைக்கு அம்மைப்பால் குத்துவிக்க நாள் சொல்லவேண்டும். மாமியாரின் ஏச்சையும் கேட்கவேண்டும்.

இங்கே தொற்றுநோய்த் தடுப்பு எங்கே வந்தது என்று சிலர் வினவலாம். பிரசவ அறையே அன்று தொற்றின் முதற் களம். பழைய மருத்துவிச்சிகளிற் கைராசிக்காரர் பலர் இருந்தனர். அவர்களை நாம் இழித்துரைக்கமாட்டோம். ஆனால் கையிற் கிடைத்த கத்தியாற் கொப்பூழ்க்கொடியை வெட்டிச் சாம்பலையோ வேறொன்றையோ வைத்துக் கட்டுவது எங்கும் காணப்பட்ட வழக்கம். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஏற்புக் கிருமி அவ்வழியே புகும். பிறந்து ஒரு கிழமைக்குள் குழந்தை வாய்திறந்து பால்குடிக்க மாட்டாது, உடல் வில்லாய் வளைந்து மாயும். பேய் பிடித்ததென்று நூல் கட்டினர். தாய்க்கோ கழுவாத கையினாற் பிரசவக் காய்ச்சல் வரும். வியன்னா நகரத்து டாக்டர் செமல்வைஸ் கைகழுவுதலால் இக்காய்ச்சல் குறைவதை 1847இலேயே காட்டியிருந்தார். அந்த அறிவு எங்கள் கிராமத்துத் திண்ணையை எட்ட எண்பது ஆண்டுகள் சென்றன. கொதிக்கவைத்த கத்தரிக்கோல், கொதிக்கவைத்த நூல், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை. மருத்துவமாதின் பையிலிருந்த பெரும் படைக்கலங்கள் இவையே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலே நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. ஒருவர் வார்க்கும் வரை பானையோடு காத்துநின்றவர்களும், அதற்கும் வழியின்றிக் கிடைத்த நீரைக் குடித்தவர்களும் எம்மிடையே வாழ்ந்தனர். அவர்களின் குடிசைகளிலே வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் முதலில் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டதா? கிருமி ஒழுங்கையைக் கடந்து கல்வீட்டுக்கும் வந்தது. பதிவேட்டில் எல்லா வீடும் ஒரே வரிசையில் எழுதப்பட்டமையால், கடமையாய் எல்லாப் படலையும் திறந்து செல்லவேண்டியவராய் முதன்முதல் வந்த படித்த பெண் மருத்துவமாதே. மேடைப்பேச்சுகளைவிட இது ஓசையின்றிச் செய்த வேலை பெரிதென்பது எம் கருத்து.

இப்படிப் படித்த பெண்கள் எங்கிருந்து வந்தனர் என்பதும் வரலாற்றில் ஒரு கேள்வி. 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. 1913இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்குக் கல்லூரி அமைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இல்லாத ஊரில் மருத்துவமாதைப் பயிற்றுவது எங்ஙனம்? அவர் சொல்வதை விளங்கி நடக்கும் தாய்மாரும் பள்ளிக்கூடத்திலிருந்தே வரவேண்டும்.

களுத்துறை முறை மெல்ல வேறு சில இடங்களுக்குப் பரவியது. அரசாங்கம் அவசரப்படவில்லை. அவசரப்படுத்தியது 1934ஆம் ஆண்டு.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வற்றாத ஆறுகள் வற்றின. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டமிழந்து, மணலிடையே சிறு சிறு குட்டைகளாய்த் தேங்கின. தெளிந்த, வெயில்படும், ஓடாத நீர் மலேரியா நுளம்புக்கு அரண்மனை. வன்னியிலும் அனுராதபுரத்திலும் ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு பழகியோருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் ஈரவலய மக்களுக்கோ அது இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கிய காய்ச்சல் மார்கழி, தை மாதங்களில் ஊர்களை அப்படியே படுக்கவைத்தது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க எழுந்து நடக்கக்கூடிய ஒருவரும் இல்லாத வீடுகள் இருந்தன. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வாண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. நான்கில் ஒன்று என்று சொல்லலாம். கருவுற்ற பெண்களும் ஏராளமாய் இறந்தனர்.

கொயினா மருந்து கையிலிருந்தும் இத்தனை சாவு ஏன்? பட்டினி. உலக வணிகம் சரிந்து தேங்காயும் இறப்பரும் விலையிழந்த ஆண்டுகள் அவை. மழை பொய்த்ததால் வயலும் விளையவில்லை. வயிற்றிற் சோறில்லாதவனுக்குக் கொயினா மட்டும் என் செய்யும்? சூரியமல் இயக்கத்து இளைஞர், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர், கிராமங்களுக்குள் நடந்து சென்று மருந்தோடு உணவும் கொடுத்தனர். அவ்விளைஞரிற் பலர் 1935 மார்கழியிலே சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தார்கள். நுளம்பு ஒரு கட்சியையும் பெற்றெடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1931இலே சர்வசன வாக்குரிமை வந்திருந்தது. (யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரசார் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தமை வேறு கதை, அதனை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்வோம்.) வாக்குக் கேட்டுச் சென்ற பிரதிநிதிகளிடம் கிராமத்தார் ஆஸ்பத்திரி கேட்டனர், மருத்துவமாது கேட்டனர். காய்ச்சலாற் செத்தவர்களின் உறவினர் கையில் வாக்கு இருந்தது. கொள்ளைநோய்க்குப் பின் சுகாதார அலகுகள் விரைந்து பெருகியதற்கு இதனை ஒரு முக்கிய காரணமாக நாம் கொள்கிறோம். முடிக்குரிய குடியேற்ற நாடாயிருந்தும் கேட்கும் உரிமை பெற்றவர் கேட்டார்கள், கிடைத்தது.

இனி, அறிஞரிடையே நெடுங்காலம் நடந்த வழக்கொன்றைக் கூறவேண்டும். 1945இன் பின் டி.டி.ரி. மருந்து வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவிலிருந்த இறப்பு, 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. குழந்தை இறப்பு 141இலிருந்து 101 ஆயிற்று. ஓர் ஆண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகம் கண்டதில்லை என்று வியந்து, எல்லாம் டி.டி.ரி.யின் மகிமையே என்று பலர் எழுதினர். நியூமன் என்னும் பொருளியலறிஞர் இறப்புக் குறைவில் பெரும்பங்கை மலேரியா ஒழிப்புக்கே உரியதாக்கினார். பிரெடெரிக்சன், மீகம முதலியோர் மறுத்தார்கள். மலேரியா அரிதாயிருந்த, டி.டி.ரி. தெளிக்கப்படாத பகுதிகளிலும் அதே ஆண்டுகளில் இறப்புக் குறைந்தது எவ்வாறு என்பது அவர்கள் வினா. போர்க்காலத்திற் புதிய ஆஸ்பத்திரிகள் எழுந்தன. பங்கீட்டரிசி ஏழைக்கும் கிடைத்தது. தாய் சேய் நிலையங்கள் பெருகின. மருத்துவமாதர் தொகை உயர்ந்தது. கிறே என்பவர் 1974இற் கணக்கிட்டு, போருக்குப் பின்னான இறப்புக் குறைவில் மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு நான்கில் ஒன்று அளவே என்றார்.

நாம் இவ்வழக்கில் மீகம பக்கமே சாய்கிறோம். அதற்குக் காரணம் தாய்மார் இறப்பு. 1935இற் பத்தாயிரம் பிரசவத்துக்கு 265 தாய்மார் இறந்தனர். 1950இல் அது 56 அளவுக்கு வந்துவிட்டது. மலேரியா கருவுற்றவளைக் கொல்லும் என்பது மெய். ஆயினும், பிரசவக் காய்ச்சலையும் இரத்தப்போக்கையும் சுவரில் தெளித்த மருந்து தடுக்காது. கழுவிய கை தடுக்கும். வேளைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் தடுக்கும். விமானத்திலும் பீப்பாவிலும் வந்த மருந்தைக் கண்டு வியப்பவர் கண்ணுக்குக் குடை பிடித்து ஒழுங்கையால் நடந்துவரும் பெண் தெரிவதில்லை.

மலையகத்தைக் கூறாதுவிட்டால் இவ்வரலாறு பொய்யாகும். தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் கம்பனிகளின் பொறுப்பாகவே விடப்பட்டது. கிராமங்களிற் குழந்தை இறப்பு இறங்கிக்கொண்டிருக்கையில், தோட்டத்து லயங்களில் அது நாட்டின் சராசரியிலும் பெரிதாகவே நின்றது. சுகாதார அலகு பிறப்பதற்குக் காரணமாயிருந்த கொளுக்கிப் புழு அவர்கள் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பலனோ அவர்களுக்குக் கடைசியாகவே போய்ச் சேர்ந்தது. 1948இன் பின் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். முன்னர் வாக்குப்பற்றி நாம் சொன்னதோடு இதனைச் சேர்த்துப் படிப்பார்களாக.

பின்னர் வந்தவை பலரும் அறிந்தவை. 1949இற் சயரோகத்துக்குப் பி.சி.ஜி. வந்தது. 1961இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசி. 1962இல் இளம்பிள்ளைவாதத்துக்கு வாய்வழி மருந்து. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம். 1984இற் சின்னமுத்து ஊசி. இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 1993இற் காணப்பட்டார். அக்காலம் போர்க்காலம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இருபக்கமும் துவக்குகள் ஓய்ந்த நாட்கள் அப்போரிடையே இருந்தன. வேறெதற்கும் இணங்காதவர்கள் இதற்கு இணங்கினர். இடம்பெயர்ந்தோர் தங்கிய பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் மருத்துவமாதர் தம் பதிவேட்டோடு பிள்ளைகளைத் தேடித் திரிந்தனர். அவர்களுட் பலர் தாமும் இடம்பெயர்ந்தவர்களே. அவர்கள் கதையை எழுதியோர் எவருமிலர். ஓய்வுபெற்ற மருத்துவமாதர் எம் ஊர்களில் இன்னும் வாழ்கின்றனர். சங்கத்து இளைஞர் ஒரு கொப்பியோடு போய் அவர்கள் சொல்வதை எழுதிவைத்தால், நூல்நிலையங்களில் இல்லாத வரலாறு கிடைக்கும்.

வெற்றி நிலையானதெனக் கருதுவோருக்கு மலேரியாவே ஆசான். 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேர். ஒழிந்தது என்று கண் அயர்ந்தனர். தெளிப்பும் தேடுதலும் தளர்ந்தன. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் நோயாளர் இலட்சக்கணக்கிற் பெருகினர். 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் வீடுவீடாய் இரத்தம் எடுத்துச் சோதித்து, மருந்தூட்டிய நுளம்புவலை கொடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து சென்றார்கள். 2012 ஐப்பசிக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா இல்லாமலாகி, 2016 செப்ரெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. சின்னமுத்துக்கும் 2019இல் அத்தகைய சான்று கிடைத்தது. 2023இலோ அந்நோய் மீண்டும் தலைகாட்டி, தவறவிடப்பட்ட பிள்ளைகளைத் தேடி ஊசி போடவேண்டியதாயிற்று.

மலேரியாச் சான்று கிடைத்த அதே 2016ஆம் ஆண்டின் இறுதியிலே மன்னார்த் தீவிற் புதிய நுளம்பொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிசு ஸ்ரிபென்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. 1934இன் நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடியது. இதுவோ வீட்டுக் கிணற்றிலே முட்டையிடுகிறது. இப்பொழுது மலேரியாத் தடை இயக்கத்தார் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வளவுவளவாய் ஏறி இறங்கி, கிணற்றுள் வாளியை விட்டு அள்ளிப் புழு பார்க்கிறார்கள். புழுவைத் தின்னும் சிறு மீன்களைக் கிணற்றில் விடுகிறார்கள். மீனை அள்ளி வெளியே ஊற்றிவிடாதிருக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டு அடுத்த படலைக்குப் போகிறார்கள்.